கென்னின் மலையும் ராத்தாவின் வயலும்

1

கென்னின் புல் இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவன் முதலில் சுகம் விசாரிக்கவேண்டும், குளிரைப் பற்றிச் சொல்லவேண்டும், பிறகு ஊர் மீனை நினைத்துப் பெருமூச்சு விடவேண்டும். அதையெல்லாம் வேறு ஆட்கள் நன்றாகவே செய்கிறார்கள். என்னிடம் இப்போது இருப்பது பொறாமை ஒன்றுதான். அதுவும் ஒரு வெள்ளைக்காரனின் புல்லின் மேல்.

புல்லைப் பார்ப்பதுதான் என் தொழில். அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரி ஊரில் இருக்கிறேன். இங்கே கரிக்காகக் குழி வெட்டி உள்ளே இறங்குவதில்லை. மலையையே மேலிருந்து உரித்துவிடுவார்கள். கரியை எடுத்து முடிந்ததும், வெளியே கொட்டிய கல்லையும் களிமண்ணையும் திரும்பப் போட்டு, மலைமாதிரி வளைத்து, தொடக்கத்திலேயே வழித்து ஒதுக்கிவைத்த மேல்மண்ணை அதன்மேல் பரப்பிப் புல் விதைப்பார்கள். அதன் பிறகு அரசாங்கத்தின் ஆளாக நான் போவேன். கையில் ஒரு மீற்றர் சதுரச் சட்டம் ஒன்று இருக்கும். திரும்பி நின்று அதைத் தோளுக்கு மேலால் எறிவேன். விழுந்த இடத்தில் எவ்வளவு புல், எவ்வளவு வெறும் மண் என்று குனிந்து பார்ப்பேன். மழை அறுத்த கோடுகளின் ஆழத்தை அளப்பேன். சரிவு முழுக்க இரும்புக் கம்பிகள் நட்டிருக்கிறோம். கம்பியின் தலை எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு மண் போய்விட்டது என்று அர்த்தம். எல்லாம் சரியென்றால் கையெழுத்துப் போடுவேன். அன்றைக்கே நிலம் சுரங்கக்காரரின் கையைவிட்டு உரியவனிடம் திரும்பிப் போகும்.

உரியவன் கென். அவனுடைய தகப்பனார்தான் மலையைச் சுரங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தவர். அவர் காலமாகிவிட்டார். கரியும் முடிந்துவிட்டது. இனி மலை மகனுக்கு. இடையில் நிற்பது என் கையெழுத்து ஒன்றுதான்.

நான் போகும் நாளெல்லாம் கென் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பான். சிவந்த முகம், பெரிய கைகள், நல்ல மனிதன். நல்ல மனிதனாக இருப்பதும் ஒரு தொந்தரவு, வெறுக்கவும் முடியாது.

“எப்படி இருக்கிறது என்னுடைய புல்?” என்று கேட்பான்.

“பார்க்கவேண்டும்” என்பேன்.

“மாடுகள் நிற்கும் புல்வெளி வேறொருவருடையது. வருட முடிவில் விடச் சொல்லிவிட்டார்கள். மலை கிடைத்தால் மேலே ஏற்றிவிடுவேன். கிடைக்காவிட்டால் விற்கவேண்டியதுதான்.”

“விளங்குகிறது” என்பேன். விளங்கத்தான் செய்தது. பிறந்து வளர்ந்த மண்ணைக் குடைந்து, கவிழ்த்து, கரியை ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிய பிறகும், அதை மறுபடி மலையாக்கி, புல் விதைத்து, ஒரு உத்தியோகத்தனை அனுப்பிப் பரிசோதித்து இவன் கையில் கொடுக்கப்போகிறார்கள். என் வாப்பாவின் வயலை யாரும் தோண்டவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் எனக்கு இல்லை.

எங்கள் பரிசோதனைப் படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த நிலத்தில் பரிசோதகருக்கு ஏதாவது தனிப்பட்ட நலன் உண்டா? ‘இல்லை’ என்ற பெட்டியில் ஒவ்வொரு முறையும் கோடு போடுகிறேன். வயிறெரிச்சலுக்கு அந்தப் படிவத்தில் பெட்டி இல்லை.

2

கரைவாகுப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழும்பிலும் கண்டியிலும் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்முனைப் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் இருக்கிற வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். வயல் இருந்தால் வயலும் அவளுக்குத்தான். மகன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். மற்ற ஊர்களில் புகுந்த வீடு பெண்ணுக்கு. எங்கள் ஊரில் அது ஆணுக்கு.

எனக்கு ஒரே ஒரு ராத்தா, மூத்த சகோதரி. அவளுக்குக் கலியாணம் பேசியபோது நான் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தால் வீட்டில் தங்கமாட்டேன், வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போய்விடுவேன். கல்முனைக்கு மேற்கே, வாய்க்காலைத் தாண்டி எங்கள் வயல். பயிர் கதிர் தள்ளும் நேரத்தில் வரம்பு நிறையத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாலே எனக்குச் சாப்பிட்டமாதிரி. வரம்பில் தண்ணீர் போக வெட்டிவிடும் வாயை எங்கள் பக்கம் வக்கடை என்போம். அதைச் சேற்றாலும் வைக்கோலாலும் அடைத்துக் காலால் மிதித்து இறுக்கினால் ஒரு சொட்டும் கசியாது. நான் கட்டிய வக்கடை உடைந்ததே இல்லை. படிப்பை முடித்துவந்து இந்த வயலை எப்படியெல்லாம் செய்யலாம் என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ராத்தாவுக்கு மாப்பிள்ளை மருதமுனையிலிருந்து வந்தார். கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக்கடை ஒன்றில் விற்பனைக்கு நின்றவர். துணியை முழம் போடத் தெரியும், மடிக்கத் தெரியும். சேற்றில் கால் வைத்ததில்லை. கலியாணம் முடிந்து முதல் தடவை வட்டைக்கு வந்தபோது வரம்பில் செருப்போடு நடந்தார். வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பொத்தாமலே சிரித்தேன்.

“மச்சான், தண்ணி ஏன் அங்கால ஓடுது?” என்று என்னிடம் கேட்டார்.

“வக்கடை தொறந்து கிடக்கு” என்றேன்.

“அப்ப மூடினாச் சரிதானே?”

“மூடத் தெரிஞ்சாச் சரிதான்.”

அந்த மனிதர் பிறகு மூடத் தெரிந்துகொண்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. வருடத்துக்கு வருடம் வெள்ளாமை நன்றாக வந்தது. விளைச்சல் பொய்த்திருந்தால், கடையே கதியென்று அவர் திரும்பிப் போயிருந்தால், எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியிருக்கும். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளாமைக்காரனாகிவிட்டார்.

நான் அக்கரைப்பற்றில் ஹபீபாவைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டுக்குப் போனேன். அங்கே எனக்கு நல்ல மரியாதை. கோழியின் தொடை எனக்குத்தான் வரும். ஆனால் ஒரு முருங்கைக் கிளையை வெட்டலாமா என்று மாமாவிடம் கேட்டுத்தான் வெட்டவேண்டும். எழுபத்தெட்டுச் சூறாவளி தென்னைகளை முறித்துப்போட்ட அடுத்த வருடம், ஒரு நண்பன் அனுப்பிய விண்ணப்பத்தை நிரப்பி, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். மேற்படிப்பு, எதிர்காலம் என்று ஊரில் எல்லோரிடமும் காரணம் சொன்னேன். விளைந்து நிற்கும் அந்த வயலைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

3

இங்கே வங்கிக்காரன் வீட்டுப் பத்திரத்தில் என் பெயரையும் எழுதினான். ஒரு வீட்டின் பத்திரத்தில் என் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஹபீபா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “சரி, மகள் பெரிசானா அவட பேருக்கு மாத்தினாப் போச்சி” என்றாள். பேனா மை காயவில்லை.

மகள் ரிஸ்னாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கண்ணை மேலே உருட்டுகிறாள். ஆனால் கென்னின் பெட்டைக் குதிரையின் பெயரும் குணமும் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் நான் அவளை வேலைக்குக் கூட்டிப்போனபோது கென் குதிரையில் ஏற்றி வேலியோரம் நடத்தினான். அன்றிலிருந்து அவளுக்கு அந்த மலைதான் உலகம். “வாப்பா, மலையக் கென் அங்கிளுக்குக் குடுங்க, பாவம்” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறாள். அவள் முழுசாகத் தமிழில் சொல்கிற வாக்கியம் இது ஒன்றுதான்.

ஊரிலிருந்து கடிதம் வருவது குறைவு. யாராவது பயணம் வந்தால் ஒலிநாடா ஒன்று வரும். மச்சான் பேசிப் பதிந்து அனுப்புவார். துணி விற்ற வாய், நல்ல சரளம். சென்ற வருடம் வந்த நாடாவில் பின்னால் பாங்கு கேட்டது, பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது, ராத்தா யாரையோ அதட்டினாள். அந்தச் சத்தங்களின்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

“பிரச்சினையால முந்தின போகம் வட்டைக்கிப் போக ஏலாமப் போச்சி மச்சான். இந்தப் போகம் அல்லாட காவல், என்ட வயல் போல ஒரு வயல் இந்த வட்டைலயே இல்ல. நீங்க வந்து பாக்கணும்” என்றார்.

யுத்தத்துக்கு ஊரில் பெயர் பிரச்சினை. நான் நாடாவை நிறுத்தினேன். ஹபீபா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இஞ்ச பாருங்க, முகத்த என்னத்துக்கு இப்பிடி வெச்சிருக்கீங்க? நல்ல விசயம்தானே சொல்லுறாரு.”

“ஓம். நல்ல விசயம்தான்.”

“அப்ப ஏன் நிப்பாட்டின?”

“காது வலிக்கிது.”

“காதா வலிக்கிது ஒங்களுக்கு?” என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

4

கென்னின் மலைக்கு இறுதிப் பரிசோதனை நாள் வந்தது. கோடை வெயில், ஈக்கள், காற்றில் காய்ந்த புல்லின் வாசம். நான் சட்டத்தையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு உச்சியிலிருந்து இறங்கினேன்.

மேல் சரிவில் புல் ஐதாக இருந்தது. கொத்துக்கொத்தாக, இடையில் சிறு கற்கள் தெரிய. சட்டத்தை எறிந்தேன். விழுந்த இடத்தில் கல்லும் காய்ந்த தண்டுமாகக் கிடந்தன. இன்னொரு தரம் எறிந்தேன். அங்கேயும் அப்படித்தான். எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? ‘போதாது’ என்று குறித்தேன். ஐதான புல் என்பது பெரிய குற்றமில்லை. கல்லும் தண்டும் மண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம், போதாது என்றும் வைத்துக்கொள்ளலாம். வேறு ஒருவனின் மலையென்றால் நான் எப்படி வைத்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கீழ்ச் சரிவுக்கு வந்தபோது அப்படியே நின்றுவிட்டேன்.

மழைநீரின் வேகத்தைக் குறைக்கச் சரிவின் குறுக்கே மண்ணால் நீள வரம்புகள் கட்டியிருப்பார்கள். அதில் விழும் நீர் மெல்ல ஒரு பக்கமாக நடந்து, கல் பதித்த வடிகானுக்குள் இறங்கிப் போகவேண்டும். இந்த வரம்பின் நடுப்பகுதி கொஞ்சம் தாழ்ந்துவிட்டது போலும். தண்ணீர் அங்கேயே தேங்கிவிட்டது. வரம்பு நிறையத் தண்ணீர். ஓரமெல்லாம் கரும்பச்சைப் புல், முழங்கால் உயரத்துக்கு. இரண்டு வாத்துகள் மிதந்தன. வானம் முழுவதும் அதற்குள் கிடந்தது.

கல்முனை வட்டையில் மார்கழி மாதத்தில் நிற்பதுபோல இருந்தது. பொறாமை என்றால் அதுவரை பட்டதெல்லாம் விளையாட்டு. இந்தத் தண்ணீருமா இவனுக்கு? ஆனாலும் அந்த இடத்தில் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அந்தத் தண்ணீரிலேயே கைகால் முகம் கழுவி வுழூச் செய்து, வரம்பின் ஓரத்தில் தொழுதேன். பிறகு எழும்பி, ‘மிக நன்று’ என்று எழுதினேன்.

வேலிக்கு அப்பால் கென் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் தொழுது முடியும்வரைக்கும் அப்படியே நின்றிருக்கிறான்.

“என்னுடைய நிலத்தில் நெற்றி வைத்த முதல் ஆள் நீதான்” என்றான். “நல்ல சகுனமா?”

“மேல் சரிவில் புல் போதாது. இன்னொரு மழைக்காலம் பார்க்கவேண்டும்” என்றேன்.

அவன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். மாடுகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “சரி, உனக்குத் தெரியும்” என்றான். கோபப்பட்டுச் சத்தம் போட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

5

அறிக்கை கந்தோரில் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கும்போதே பெருமழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மழை விட்டதும் மலையைப் போய்ப் பார்த்துவரும்படி மேலதிகாரி என்னை அனுப்பினார்.

நான் நேரே மேல் சரிவுக்குப் போனேன். அறுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பிகளின் தலை முன்பு இருந்த அளவிலேயே இருந்தது. அந்த ஐதான புல்லும் கற்களும் மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

கீழே வரம்பு இல்லை. சரியாகச் சொன்னால், வரம்பின் மேற்பக்கம் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஆள் இறங்கக்கூடிய பொந்து ஒன்று அதன் அடியால் குடைந்துகொண்டு போய், கீழே வேறோர் இடத்தில் வாயைத் திறந்திருந்தது. வாத்துகளைக் காணவில்லை. சேறு வேலிவரைக்கும் வழிந்து கிடந்தது.

அந்த மலையின் களி ஒருமாதிரியானது. உப்புக் கூடியது. காய்ந்து கிடந்தால் கல். தண்ணீர் நின்றால் பால்மா கரைவதுபோல உள்ளே கரையும். மேலே புல் பச்சையாக நிற்கும்போதே அடியில் குகை விழும். ஆகையால் இந்த மலைகளில் தண்ணீர் எங்கேயும் தேங்கக்கூடாது, ஓடிவிடவேண்டும். இது எனக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பு எடுக்கிறேன். ஆனால் வரம்பு நிறையத் தண்ணீரைக் கண்டதும் படித்த படிப்பெல்லாம் எங்கேயோ போய், வட்டையில் நின்ற அந்தப் பழைய நான், அன்சார், வந்துவிட்டான். நிற்கிற தண்ணீரைக் குறையென்று எழுத எங்கள் ஊரில் எவனுக்குக் கை வரும்? நான் குறை சொன்ன இடம் நின்றது. கொண்டாடிய இடம் விழுந்தது.

அறிக்கையை மாற்றி எழுதினேன். மேல் சரிவு சரி. கீழ் வரம்புகள் எல்லாவற்றையும் வெட்டித் திறந்து, தண்ணீர் தேங்காதபடி திரும்ப அமைக்கவேண்டும். அதுவரை நிலத்தைக் கையளிக்க முடியாது. கென்னுக்கு முடிவு பழைய முடிவுதான். இந்த முறை காரணம் உண்மையானது. அவன் பாதி மாடுகளை விற்றான். ரிஸ்னா இரண்டு கிழமை என்னோடு எந்த மொழியிலும் பேசவில்லை.

வரம்பு வெட்டும் நாளில் நான் பக்கத்தில் நிற்கவேண்டும், அது விதி. மிச்சம் இருந்த வரம்புகளிலும் மழைநீர் நிறைந்திருந்தது. மஞ்சள் இயந்திரம் கையை உயர்த்திக்கொண்டு என் சைகைக்குக் காத்திருந்தது. எங்கள் வட்டையில் அடுத்தவனின் நிறைந்த வரம்பை வெட்டுவது சின்ன விஷயமில்லை. மண்வெட்டியோடு ஆட்கள் கூடிவிடுவார்கள், வழக்கு வரைக்கும் போகும். இங்கே நான் கையைக் காட்டினேன். தண்ணீர் கானுக்குள் குதித்து ஓடியது. கடைசிச் சொட்டு வடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நல்லது” என்றது பக்கத்தில் ஒரு குரல்.

நரைத்த முடியைப் பின்னால் கட்டிய ஒரு பெண். ஊரில் மருந்துக்கடையில் கண்டிருக்கிறேன்.

“என் பெயர் ஜீன். கென்னின் அக்கா” என்றாள். “தம்பிக்கு இன்னும் ஒரு வருடம் போகுமாமே?”

“போகும்போலிருக்கிறது.”

“நல்லது” என்றாள் மறுபடியும். அந்தக் குரல் எனக்கு மிகவும் பழக்கமான குரல். வயிறெரிகிறவனை வயிறெரிகிறவனுக்குத் தெரியாதா?

“உங்களுக்கு இதில் பங்கு இல்லையா?” என்று கேட்டேன். உத்தியோகத்தன் கேட்கக்கூடாத கேள்வி.

“பங்கா? நானும் இந்த வீட்டில்தான் பிறந்தேன். அப்பாவோடு வேலி அடித்தவள் நான். கென் அப்போது தொட்டிலில் கிடந்தான். மலை மகனுக்கு. எனக்கு அம்மாவின் தேநீர்க் கோப்பைகள். அதில் ஒன்றுக்குக் காது உடைந்திருக்கிறது.”

நான் சிரித்துவிட்டேன். அவள் முறைத்தாள். வேறு வழியில்லாமல் எங்கள் ஊர் வழக்கத்தை அவளுக்குச் சொன்னேன். வீடு ராத்தாவுக்கு, வயல் ராத்தாவுக்கு, மகனுக்கு உடுப்புப் பெட்டி.

“பொய் சொல்லாதே.”

“அல்லாஹ்மேல் ஆணை.”

“எல்லாம் பெண்ணுக்கா?”

“எல்லாம்.”

“அந்த ஊரின் பெயர் என்ன?”

“கல்முனை.”

அவள் அதைத் தன் வாயில் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இயந்திரம் ஓட்டியவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

“என்னை அங்கேயும் உன்னை இங்கேயும் பிறப்பித்திருக்கலாம்” என்றாள். “யாருக்கும் ஒரு நட்டமும் வந்திருக்காது.”

“வந்திருக்கும். கென்னுக்கு.”

“கென்னை விடு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்தாள். “இது அந்த மலையும் இல்லை, தெரியுமா? எங்களுடைய மலைக்கு மேலே ஒரு பாறை இருந்தது. ஒரு சின்ன ஓடை இருந்தது. எல்லாம் கரியோடு போய்விட்டது. இது நீங்கள் குவித்துப் புல் விதைத்த வேறு ஒரு மேடு. நான் பிறந்த இடம் இவனுக்கும் கிடைக்கப்போவதில்லை.”

“அப்படியென்றால் உங்களுக்கு ஏன் பொறாமை?”

“தந்தால் வாங்கமாட்டேனா?” என்றாள். “நீ?”

“நானும் வாங்குவேன்.”

6

மறுவருடம் கையெழுத்துப் போட்டேன். வரம்புகள் சாய்வாக அமைந்து தண்ணீர் ஒழுங்காக ஓடியது. கீழ்ச் சரிவு முன்புபோல் அழகாக இல்லை; வாத்துக்கு வேலையில்லை. ஐதான புல், சின்னச் சின்ன வாட்டில் மரங்கள், உறுதியான மண். என் கண்ணுக்கு அது ஏழை நிலம். என் அளவுகோலுக்கு அது நல்ல நிலம். அளவுகோலைத்தான் நம்பினேன்.

முதல் பக்கத்துக் கேள்வியில் இந்தமுறை பேனா கொஞ்சம் நின்றது. நலன் உண்டா? ‘இல்லை’யில் கோடு போட்டேன். கென் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் தோள் நொந்தது. மிச்சம் இருந்த மாடுகள் வரிசையாக மேலே ஏறின. ரிஸ்னா குதிரையில் அவற்றின் பின்னால் போனாள். ஜீன் வரவில்லை. காது உடைந்த கோப்பை ஒன்றைக் கடதாசியில் சுற்றி மருந்துக்கடையில் எனக்காக வைத்திருந்தாள். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. பென்சில் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன் என்று எழுத ஆசை. கார் ஓட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம் வயிறு எரிந்தது.

வீட்டில் புது நாடா ஒன்று காத்திருந்தது. சிட்னிக்கு வந்த ஒரு ஆள் தபாலில் போட்டிருந்தார். ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் என்று முன்பே தெரியும். பிரச்சினைக்குள் போக முடியவில்லை. மச்சானின் பெருமையைக் கேட்கத் தயாராகி, தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் அன்சார் மச்சான். மகள்ற கலியாணம் அல்லாட உதவியால நல்லபடியா முடிஞ்சி. ஊடும் வயலும் அவக்குத்தான் எழுதின. வேற ஆருக்கு எழுதிற? நானும் உங்கட ராத்தாவும் பின்னால சின்ன ஊட்டுக்கு மாறிட்டம்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

“மச்சான், இத உங்களுக்கிட்டத்தான் சொல்லேலும். நேத்து வந்த பொடியன், கந்தோர்ல வேல. சப்பாத்தோட வரம்புல நடக்கான் மச்சான். வக்கடை கட்டத் தெரியா. தண்ணியெல்லாம் அடுத்த வயலுக்குப் போகுது, பாத்துக்கு நிக்கான். நான் ஒரு சொல்லுச் சொல்ல ஏலா. இனி அது அவங்கட காணி. எத்தின வருசமா நான் பாத்த வயல். மறுகா ராவைக்கி நித்திரயும் வருகுதில்ல. வயிறு எரியிது மச்சான். நீங்க என்ன நினைப்பீங்களோ தெரியா.”

நான் என்ன நினைப்பேனா?

நாடாவைச் சுற்றி அந்த இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி கேட்டேன். பிறகு இன்னொரு தரம். முதல் தரம் இனித்தது, உண்மை. இரண்டாம் தரம் செருப்போடு வரம்பில் நின்று ‘அப்ப மூடினாச் சரிதானே’ என்று கேட்ட மனிதர் கண்ணில் தெரிந்தார். மூன்றாம் தரம் அழுகை வந்துவிட்டது. அந்த வயலுக்காக என்னைப்போல வயிறெரிய இந்த உலகத்தில் இன்னும் ஒரு ஆள் இருக்கிறார். அது அவராகத்தானா இருக்கவேண்டும்?

ஹபீபா வந்து கதவடியில் நின்றாள். “சிரிக்கிறீங்களா அழுறீங்களா?”

“மச்சான் கதைக்கிறாரு” என்றேன்.

வெறும் நாடா ஒன்றைத் தேடி எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் மச்சானுக்குப் பதில் பேசி அனுப்பியதில்லை. ஹபீபாதான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவாள். பதியும் பொத்தான் எது என்று எனக்குத் தெரியவில்லை. ரிஸ்னா வந்து, குதிரை வாசம் அடிக்கும் விரலால் அழுத்திக்கொடுத்தாள்.

“வஅலைக்கும் ஸலாம் மச்சான்” என்றேன். “நான் ஒண்டும் நினைக்கல்ல. ஒருக்கா இஞ்ச வாங்க, விசாவுக்கு நான் எழுதிறன். இஞ்ச ஒரு மலை இரிக்கி. உங்கடயும் இல்ல, என்டயும் இல்ல. நல்ல புல்லு வந்திரிக்கி. வேலிக்கு இங்கால நிண்டு ரெண்டு பேருமாச் சேந்து வயிறெரிவம்.”